மாண்புமிகு காத்திருப்பாளர்

மனித குலம் தன் நீண்ட பயணத்தில் மூன்று பெரும் பாய்ச்சல்களைக் கண்டிருக்கிறது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, சென்ற மாதம் டென்னிஸ் சம்மேளனத்தின் பொதுக்குழுவில் பலத்த கரவொலிக்கிடையே நிறைவேறிய ‘தோற்றோர் மாண்புச் சாசனம்’. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. மூன்றாவதில் அப்படியொரு குழப்பம் நேர்ந்துவிடக் கூடாதென்று, சாசனத்தின் நூற்றுப் பதினான்கு பக்கங்களிலும் சம்மேளனத் தலைவரின் புகைப்படம் அச்சாகியிருந்தது. நாற்பதாம் பக்கத்தில் மட்டும் பக்கவாட்டுத் தோற்றம்.

இந்தச் சாசனம் முதன்முதலாக அமலுக்கு வந்த போட்டியில், இது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. எண் முந்நூற்று எண்பத்தேழு. அந்த உலகத்தில் பெயரைக் கேட்டு யாரும் கதவைத் திறப்பதில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு தரவரிசைப் பட்டியல் வரும். அதில் எந்த எண்ணோ அதுதான் அந்த வாரத்துக்கு ஆள். போன மாதம் அவளை ‘முந்நூத்தி எம்பத்தொண்ணு’ என்று கூப்பிட்டார்கள். இந்த மாதம் ‘முந்நூத்தி எம்பத்தேழு’. பதினோரு வருடப் பழக்கத்தில், யார் எந்த மூலையிலிருந்து எண்ணைச் சொன்னாலும் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கொஞ்சம் யோசிப்பாள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். கூட வந்திருந்த அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடலாம். திங்கட்கிழமை வந்தாலும் மாறாது.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பயிற்சியாளர், சமையற்காரி, துணி துவைப்பவள், எதிரியை வேவு பார்ப்பவள் எல்லாம் அவள்தான். முக்கியமாக, கணக்குப் போடுபவள்.

“இப்படி உக்காரு. சுருக்கமாச் சொல்றேன்” என்றாள் அக்கா, தோற்றவளுக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டே. “போன வருஷம் இதே வாரம் இதே எடத்துல அஞ்சு புள்ளி வாங்கினே. அதுக்கு ஆயுசு ஒரு வருஷம். அடுத்த திங்கக்கிழமை காலைல செத்துப்போயிடும். பதிலுக்கு அஞ்சு வரலைன்னா நீ நானூத்தி முப்பத்தொண்ணு.”

“நானூறு தாண்டினா?”

“இந்த மாதிரி போட்டியில தகுதிச் சுத்துக்குக்கூட கேட்டைத் திறக்க மாட்டாங்க. மறுபடியும் சின்னப் போட்டி. பதினெட்டு வயசுல ஆடினியே, பந்தையும் நாமளே பொறுக்கி, ஸ்கோரையும் நாமளே கத்திக்கிட்டு. அங்கேர்ந்து மறுபடி ஏறி வர ரெண்டு வருஷம்.”

“இன்னொரு தடவை ஏறுறதுக்கு என்கிட்ட முழங்கால் இல்லக்கா.”

“தெரியும். அதான் சொல்றேன். முதன்மைச் சுத்துல ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தோத்தாலே அஞ்சு புள்ளி. நீ ஜெயிக்கக்கூட வேணாம்டி. இன்னிக்கு வெளிய தோத்தியே, அதையே உள்ள போய்த் தோக்கணும். அவ்வளவுதான்.”

உள்ளே போவதற்கு ஒரு வழி இருந்தது. முதன்மைச் சுற்றில் முப்பத்திரண்டு பேர். அவர்களில் யாராவது தன் முதல் ஆட்டத்துக்கு முன்னால் காய்ச்சல், சுளுக்கு என்று விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவள் உள்ளே போவாள். உலகம் இதுவரை அவளை ‘லக்கி லூசர்’ என்று அழைத்துவந்தது. போன வருடம் சுண்டு போனதும் இப்படித்தான். யாருக்கோ மணிக்கட்டு வலி. சாசனத்தின் முதல் பிரிவே அந்தப் பெயரை ஒழித்துக்கட்டியது. ‘லூசர்’ என்பது மனத்தைப் புண்படுத்துகிறது, ‘லக்கி’ என்பது விஞ்ஞானத்துக்கு விரோதம். இனி அவர் ‘மாண்புமிகு காத்திருப்பாளர்’.

காத்திருப்புப் பதிவாளர் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். சாசனத்துக்கு முன்னால் அவர் பந்து டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தவர். பதவி உயர்ந்த பிறகும் ஆட்களை டப்பாவைப் பார்ப்பதுபோல மூடியிலிருந்து அடிவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“தோத்துட்டீங்களா?”

“தோத்துட்டேன் சார்.”

“சுயவிருப்பத்தோடயா?”

“என்ன சார்?”

“படிவத்துல இருக்கும்மா. ‘எவருடைய வற்புறுத்தலுமின்றித் தோற்றேன்’. டிக் பண்ணணும்.”

“ஆறு-ஏழு, ஏழு-ஆறு, நாலு-ஆறு சார். மூணு மணி நேரம். எதிர்ல இருந்தவதான் வற்புறுத்தினா.”

“அதுக்குத் தனிப் படிவம்” என்றார் பதிவாளர், ரப்பர் முத்திரையை ஊதியபடி. “அது இன்னும் வரல.”

டிக் செய்தாள். பட்டியலில் முதல் பெயராகச் சுண்டு ஏறினாள். இரண்டாவதாக ஒரு பெண், இருபத்தொரு வயது, எண் முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு தலையணையோடு போவாள். பேருந்து நிலையம், உடைமாற்றும் அறை, கோர்ட்டுக்குப் பின்புறம் என்று எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவாள். எல்லாரும் அவளைத் தலையணைக்காரி என்பார்கள். மற்ற மூன்று பேர், “எங்க வரைக்கும் வராது” என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் காத்திருப்பவர்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அறை. பழைய வலைகளைப் போட்டுவைத்திருந்த அறைதான், சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ரப்பர் வாடை மட்டும் சுண்ணாம்புக்குக் கட்டுப்படவில்லை. ஒரு சன்னல், ஒரு கடிகாரம், தலைவரின் பக்கவாட்டுத் தோற்றம், பதிவாளருக்கு ஒரு மேசை, காத்திருப்பவர்களுக்கு ஐந்து நாற்காலிகள். அவற்றின் முதுகில் பித்தளைத் தகடு: ‘மாண்புமிகு காத்திருப்பாளர் – 1’, ‘2’, இப்படி.

சுவரில் விதிகள். ஒன்பதாம் பிரிவு: காத்திருப்பாளர் ஆட்ட உடையில், ஷூ நாடா கட்டிய நிலையில், தன் நாற்காலியில் இருக்க வேண்டும். பதினான்காம் பிரிவு: கழிப்பறைக்கு நான்கு நிமிடம், சீட்டுடன். பதினாறாம் பிரிவு: வாய்ப்பு வந்தால் பதிவாளர் அறைக்கு வந்து மூன்று முறை அழைப்பார், ஐந்து நிமிடத்துக்குள் நாற்காலியில் அமர்ந்தபடி ‘இருக்கிறேன்’ என்று சொல்லாதவரின் பெயர் நீக்கப்படும். பதினேழாம் பிரிவு: பிற வீராங்கனைகளின் உடல்நலம் குறித்து ஆர்வம் காட்டக் கூடாது. பதினெட்டாம் பிரிவு: அலட்சியமும் காட்டக் கூடாது.

பதினேழாம் பிரிவுதான் பெரிய உபத்திரவம். காத்திருப்பவளுக்கு உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று, யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது. அக்காவுக்கு அறைக்குள் அனுமதியில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே நின்று வானிலை பற்றிப் பேசலாம் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். யாராவது நொண்டினால் மேகமூட்டம். மைதான வைத்தியர் ஓடினால் தூறல். ஆள் விலகினால் மழை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சன்னலில் அக்காவின் தலை தெரிந்தது.

“மூணாவது கோர்ட்டுப் பக்கம் லேசா மேகம்.”

“கறுப்பா?”

“இடது பாதம் மட்டும்.”

பதிவாளர் பேனாவை நிறுத்தினார். “வெளிய வெயில் கொளுத்துதே?”

“உங்களுக்கு என்ன சார், உள்ள இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா மறைந்தாள். மேகம் கலைந்துவிட்டது. இடது பாதக்காரி கட்டுப்போட்டுக்கொண்டு வந்து இரண்டு செட்டில் ஜெயித்தாள்.

சுண்டுவால் உட்கார முடியவில்லை. பதினோரு வருடமாக ஓடிய கால். உட்கார்ந்த இடத்திலேயே தன்பாட்டுக்கு ஆடியது. பதிவாளர் பேரேட்டில் எழுதினார்: ‘10.40, வலது கால் ஆட்டம். 11.15, இரு கால்கள். 11.50, பெருமூச்சு.’ பன்னிரண்டு மணிக்கு ‘தோல்வியைத் தழுவுவோம்’ என்ற தலைப்பில் ஒரு மனநல வல்லுநர் வந்து வகுப்பெடுத்தார். கண்ணை மூடி, தோற்ற பந்தை மனத்துக்குள் கொண்டுவந்து, அதனிடம் நன்றி சொல்லச் சொன்னார். தலையணைக்காரி கண்ணை மூடியவள் மாலை ஐந்து வரை திறக்கவில்லை. வல்லுநர் அவளைத்தான் முன்மாதிரியாகக் குறித்துக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பதினோரு ஆட்டங்கள் முடிந்தன. மழை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்து ஆட்டங்கள் மிச்சம். மதியத்துக்குள் நான்கு முடிந்துவிட்டன. கடைசி ஆட்டம் மூன்று மணிக்கு. அதில் ஆடவேண்டியவர்களில் ஒருத்தி தரவரிசையில் ஐம்பத்தெட்டு, நல்ல திடகாத்திரம். இன்னொருத்தியைப் பற்றி, “காலைலேர்ந்து அறையை விட்டு வரல. வாசல்ல சூப்புக் கிண்ணம் அப்படியே இருக்கு. நல்ல மேகமூட்டம்” என்று அக்கா அறிக்கை வாசித்தாள். முகம் தெரியாத ஒருத்தியின் காய்ச்சலுக்காக இப்படி ஏங்குகிறோமே என்று சுண்டுவுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. மறுகணம், நூற்றியொன்றா நூற்றியிரண்டா என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

அப்போதுதான் பதிவாளர் ஒரு உறையோடு எழுந்து நின்றார். முகத்தில் பெண் பார்க்க வந்தவரின் களை.

“வாழ்த்துகள்மா. முப்பத்தொண்ணாம் பிரிவுப்படி ‘மிகச் சிறந்த காத்திருப்பாளர்’ விருது உங்களுக்கு. மதியம் ரெண்டரைக்குப் புல்வெளியில விழா. தலைவரே வர்றார்.”

“எனக்கு எதுக்கு சார்?”

“மூணு நாளா எடத்தை விட்டு அசையாம இருந்ததுக்கு.”

“அசையாம இருந்தா அசையாமலே விட்ற வேண்டியதுதானே சார்? மூணு மணிக்குக் கடைசி ஆட்டம். அந்த நேரத்துல கூப்பிட்டீங்கன்னா நான் இங்க இருக்கணுமே?”

“இருக்கணும். இல்லைன்னா பெயர் நீக்கம்.”

“விழாவுக்கு வரலைன்னா?”

“அதுக்கும் பெயர் நீக்கம்.”

“ரெண்டுக்குமா?”

“ஒரே பெயர்தானேம்மா” என்றார் பதிவாளர் ஆறுதலாக. “ஒரு தடவைதான் நீக்க முடியும்.”

ஆனால் சம்மேளனம் ஒன்றும் கல்நெஞ்சம் படைத்ததல்ல. அரை மணியில் அவசரச் சுற்றறிக்கை வந்தது. ‘காத்திருப்பாளரின் நாற்காலி எங்கே இருக்கிறதோ, அதுவே அந்தக் காத்திருப்பாளருக்கு அறையாகக் கருதப்படும்.’ இரண்டு ஊழியர்கள் வந்து ஒன்றாம் எண் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுண்டு ராக்கெட் பையோடு பின்னால் நடந்தாள். “முதல்ல அறை போகுது, பின்னாடி ஆள் போகுது. நல்ல ஊர்வலம்டி” என்றாள் அக்கா.

தலைவர் மூன்று மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மைக்கைப் பிடித்தார். இருபத்திரண்டு வருடமாகத் தலைவர். கையில் தடியான காகிதக் கட்டு. அதிலிருந்து கண்ணை எடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

“அன்பர்களே! காத்திருப்பின் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் ஒருநாளும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. எல்லாரும் எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆகவே காத்திருப்பவர்களின் முகத்தை நான் பார்த்த அளவுக்கு எவரும் பார்த்திருக்க முடியாது.” கரவொலி. “சிலர் கேட்கிறார்கள், தலைவருக்கு டென்னிஸ் தெரியுமா என்று. தெரியாது! என் வாழ்நாளில் ராக்கெட்டைத் தொட்டதில்லை. அதனால்தான் என்னால் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க முடிகிறது. இந்தப் பெண்ணைப் பாருங்கள். மூன்று நாளாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு வெறும் பத்தொன்பது சொச்சம் வருடங்கள் அல்ல, அது... அது வருடங்கள்தான்.”

வருடத்திலிருந்து நாளைக் கழித்த அந்தக் கணக்கைத் திருத்த, கணக்கு டீச்சர் கூட்டத்தின் கடைசி வரிசையில் இல்லை. அவள் காத்திருப்பு அறையின் சன்னலோரம் நின்றிருந்தாள். ஏனென்றால் அவளுக்குப் பதிவாளரைத் தெரியும்.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. சூப்புக் கிண்ணத்துக்காரி விலகிவிட்டதாகத் தாள் வந்தது. பதினாறாம் பிரிவு ‘பதிவாளர் அறைக்கு வந்து’ என்று சொல்கிறது. ஆகவே பதிவாளர் அறைக்கு வந்தார். ஒன்றாம் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “முந்நூத்தி எம்பத்தேழு!” என்று கூப்பிட்டார். காலியான தரை பதில் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அக்கா புல்வெளியை நோக்கிப் பறந்தாள். பத்து வருடமாகப் பிள்ளைகளை அடக்கிய தொண்டை. “சுண்டு! மழை! மழைடி!”

கொளுத்தும் வெயிலில் விழாக் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. தலைவரின் உதவியாளர் மட்டும் யோசிக்காமல் குடையை விரித்துத் தலைவருக்கு மேல் பிடித்தார். தலைவர் காகிதத்தில் நிழல் விழுந்ததற்கு நன்றி சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார். சுண்டு எழுந்து ஓடினாள்.

அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது பதிவாளர் இரண்டாவது அழைப்பை முடித்திருந்தார்.

“இருக்கிறேன் சார்!”

“எங்க இருக்கீங்க?”

“இங்கதான் சார், உங்க முன்னாடி!”

“நாற்காலியில அமர்ந்தபடின்னு இருக்கு. நாற்காலி எங்க?”

“புல்வெளியில.”

“அப்போ அறை அங்க இருக்கு. நீங்க அறைக்கு வெளிய இருக்கீங்க.” அவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். கடிகாரம் ஒன்றரை நிமிடத்தைத் தின்றிருந்தது. “மூணாவது அழைப்புக்கும் இல்லைன்னா அடுத்தவங்களைக் கூப்பிடணும்” என்று இரண்டாம் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அங்கே தலையணைக்காரி சாய்ந்திருந்தாள். இத்தனை கூச்சலிலும் அசையவில்லை. அவளுக்கும் அந்த ஐந்து புள்ளி வேண்டும். அவளும் நானூறுக்கு ஆறு படி இந்தப்பக்கம் நிற்பவள்தான். “ஏம்மா, எழுந்திரும்மா” என்று பதிவாளர் மேசையைத் தட்டினார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தூங்குகிறவள் கண்ணை அவ்வளவு இறுக்கி மூட வேண்டியதில்லை.

அதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

“சார், ஒரு நிமிஷம். இவ அறைக்கு வெளிய இருக்கா. சரி. நீங்க எங்க இருக்கீங்க?”

“நானா?”

“நாற்காலி அங்க. அறை அங்க. அப்போ நீங்களும் வெளியதான் இருக்கீங்க. ‘அறைக்கு வந்து மூன்று முறை’ன்னு சொல்லுது. நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டது வெத்து எடத்துல. அது எப்படி சார் செல்லும்?”

பதிவாளர் மேலே பார்த்தார். தலைவரின் பக்கவாட்டுத் தோற்றம் உதவவில்லை. “முதல்லேர்ந்து கூப்பிடணும்” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா கடிகாரம் ஓடுறது ஓடுறதுதான்.”

பேரேட்டோடு ஓடக் கூடாது என்று இன்னொரு பிரிவு இருந்தது. ஆகவே அவர் நடந்தார். முன்னால் அக்கா பின்பக்கமாக நடந்தபடி, “வாங்க சார், வாங்க, இன்னும் கொஞ்சம்” என்று குழந்தைக்கு நடை பழக்குவதுபோலக் கூட்டிவந்தாள். சுண்டு முன்னமே ஓடி நாற்காலியில் விழுந்திருந்தாள். தலைவர் சம்மேளனம் தொடங்கிய ஆண்டுக்கு வந்திருந்தார். உரைக்கு இடைஞ்சல் கூடாதென்று பதிவாளர் குனிந்து அவள் காதுக்குள் ரகசியமாக மூன்று முறை அழைத்தார். அவளும் ரகசியமாக, “இருக்கிறேன்” என்றாள். நாலு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடி.

தலைவர் நிமிராமல் வாசித்துக்கொண்டிருக்க, விருதுக்குரியவள் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு கம்பி வேலியும் இரண்டு ஒலிபெருக்கிகளும்தான்.

பார்வையாளர்கள் பன்னிரண்டு பேர், அக்காவையும் சேர்த்து. ‘ஐம்பத்தெட்டு’ கை குலுக்கும்போது சுண்டுவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் யாரென்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் பந்து விழுந்ததும் ஐந்து புள்ளி உறுதி. வந்த வேலை முடிந்தது. இனித் தோற்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் மூன்று நாள் கட்டிப்போட்ட கால்களுக்கு அது தெரியவில்லை. அவை தம் இஷ்டத்துக்கு ஓடின. எட்டாத பந்தையெல்லாம் எட்டின. முதல் செட் ஆறு-மூன்று, சுண்டுவுக்கு. அக்கா பையிலிருந்து பேனா எடுத்துப் புறங்கையில் எழுதினாள்: ஜெயித்தால் இருபது புள்ளி. முந்நூற்று நாற்பது. ஒரு வருடத்துக்கு யாருடைய காய்ச்சலுக்கும் காத்திருக்க வேண்டாம். எழுதிவிட்டு, கண் பட்டுவிடும் என்பதுபோல இன்னொரு கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

புல்வெளியில் தலைவர் முடித்திருந்தார். துணைத்தலைவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவரும் முன்னவர் சொன்னதை வழிமொழிந்தார்கள். இரண்டாவது செட்டில் சுண்டு சர்வீஸ் போடக் கையைத் தூக்கும்போதெல்லாம், “இத்தருணத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்” என்று ஒருவர் சொன்னார். நான்கு-ஆறு, போனது. அவள் நடுவரின் உயர நாற்காலிக்குக் கீழே போய் நின்றாள்.

“சார், அந்த மைக்கைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

“பார்வையாளர்கள் சத்தம் போட்டா நான் நிறுத்தலாம்மா” என்றார் நடுவர். “அவங்க பார்வையாளர்கள் இல்ல. ஒருத்தர்கூட இந்தப் பக்கம் பாக்கலயே.”

மூன்றாவது செட். அங்கே ஏழாவது துணைத்தலைவர் நன்றி சொல்ல ஆரம்பித்தபோது, இங்கே ஐந்து-நான்கு, நாற்பது-முப்பது. சர்வீஸ் சுண்டுவிடம். ஒரே ஒரு புள்ளி. ‘ஐம்பத்தெட்டு’ இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றாகவே. பன்னிரண்டு பேரில் பதினொருவர் எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் புறங்கையைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

சுண்டு பந்தை மூன்று முறை தட்டினாள். வீசினாள். பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது.

“மிகச் சிறந்த காத்திருப்பாளர் விருது! முந்நூற்று எண்பத்தேழு அவர்களே, மேடைக்கு வாருங்கள்!”

தலை திரும்பியது. பதினோரு வருடப் பழக்கம். பந்து அவள் தோளில் விழுந்து உருண்டது. அதற்கு முன்பே கை ராக்கெட்டை வெறுங்காற்றில் வீசி முடித்திருந்தது.

இரண்டாவது சர்வீஸ். பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்ப மாட்டேன் என்று தனக்குத்தானே சொன்னாள்.

“முந்நூற்று எண்பத்தேழு!”

திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கே உடம்பின் மொத்தத் தெம்பும் போய்விட்டது. பந்து வலையின் நடுவில் அடித்துக் கீழே விழுந்தது.

மூன்றாவது முறை அழைத்தபோது அந்த கேம் போயிருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் ஆட்டமும் போனது, ஐந்து-ஏழு. ‘ஐம்பத்தெட்டு’ வலைக்கு வந்து கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “உன் பேர் என்ன?” என்று கேட்டாள். சுண்டு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

புல்வெளியில் விழா குறைவின்றி நடந்தேறியது. விருதுக்குரியவர் வராததால், விதிப்படி அவருடைய அறைக்கே சென்று தலைவர் விருதை வழங்கினார். கேடயத்தை நாற்காலியில் வைத்தார். கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறையும் குலுக்கினார். ‘மெலிந்து காணப்பட்டாலும் உறுதியானவர்’ என்று உதவியாளரிடம் சொன்னாராம்.

ராக்கெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தவளிடம் பதிவாளர் படிவத்தோடு வந்தார்.

“தோத்துட்டீங்களா?”

“தோத்துட்டேன் சார்.”

“சுயவிருப்பத்தோடயா?”

சுண்டு பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தின் மேல் வைத்து, எடுத்தாள். “இல்ல சார். இந்தத் தடவை வற்புறுத்தல் இருந்துச்சு. ஒலிபெருக்கி வச்சு வற்புறுத்தினாங்க. அந்தத் தனிப் படிவத்தைக் குடுங்க.”

“அதான் இன்னும் வரலன்னேனேம்மா.”

“காத்திருக்கேன்” என்றாள்.

பதிவாளர் மகிழ்ந்துபோனார். பேரேட்டைப் புரட்டி, ‘மாலை 5.50, தானாகவே காத்திருக்க முன்வந்தார்’ என்று எழுதிக்கொண்டார்.

அக்கா பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினாள். “வாடி. ஏழு மணிக்குப் பஸ். புதன்கிழமை அடுத்த போட்டிக்குப் போய்ப் பதியணும்.” நடக்கையில், காத்திருப்பு அறையின் சன்னல் வழியாகத் தலையணைக்காரியைப் பார்த்தார்கள். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். சுண்டு பையைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து, சன்னல் கம்பிக்குள் கையை விட்டு இரண்டாம் நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். “தூங்குமூஞ்சின்னு போன வாரம் நீ திட்டினியே, அவளா இவ?” என்றாள் அக்கா. சுண்டு பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சம்மேளனத்தின் ஆண்டறிக்கை சாசனத்தின் முதல் வெற்றியை முழுப்பக்கத்தில் விவரித்தது. ஒன்றாம் எண் நாற்காலி தலைமை அலுவலக முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் தலைவரின் கை படிந்த இடத்தை ஓர் அம்புக்குறி காட்டுகிறது. அதில் யாரும் உட்காரக் கூடாது.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. சுண்டுவின் எண் முந்நூற்று எண்பத்தேழு. போன வாரமும் அதுதான்.